வீட்டுக்காரர் கையெழுத்து

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லாரும் சுகம். எல்லாரும் என்றால் நானும், தையல் மெஷினும், நீங்கள் திட்டிக்கொண்டே பால் ஊற்றுவீர்களே, அந்த ஒற்றைக்கண் பூனையும். நீங்கள் அங்கே நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

மேலே போட்டிருக்கும் பேரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்காதீர்கள். உங்களை எப்படிக் கூப்பிட்டு எழுதுவது என்று யோசித்தே காலைப்பொழுது போய்விட்டது. பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் கூட இருந்த காலத்திலேயே எனக்கு வரவில்லை. 'என்னங்க' என்று கடிதத்தில் எழுதினால் அடுத்த அறையில் இருந்து நீங்கள் 'என்ன' என்று கேட்க வேண்டும். 'திரு' போட்டுப் பார்த்தேன், மின்சார ஆபீஸில் இருந்து நோட்டீஸ் வந்த மாதிரி இருந்தது. கோர்ட்டுத் தாளில் உங்களுக்கு மனுதாரர் ஒன்று, எனக்கு மனுதாரர் இரண்டு என்று பேர் வைத்திருந்தார்கள், அதுவும் வாயில் நுழையவில்லை. கடைசியில் பேங்கில் ஒரு கூத்து நடந்தது, அதில் கிடைத்தது இந்தப் பேர். அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வந்து மூணு வாரம் ஆகிறது. விவாகரத்து ஆகி ஒன்றரை வருஷமாக, மாதம் பிறந்ததும் உங்கள் பாதித் தவணை மட்டும் வந்து விழும், கூட ஒரு வரி இருக்காது. அதனால் உறையில் உங்கள் எழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உடம்புக்கு ஏதோ என்று நினைத்துவிட்டேன். பிரித்துப் படித்த பிறகுதான் உயிர் வந்தது. ஏழாவது மாடியில் ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறீர்கள். அதற்குக் கடன் கேட்டால் உங்கள் ஊர் பேங்க் கையை விரிக்கிறது, ஏனென்றால் இந்த வீட்டுக் கடனில் இன்னும் உங்கள் பேர் இருக்கிறது. ஒன்று, இந்த வீட்டை விற்றுக் கடனை அடைக்க வேண்டும். இல்லையென்றால் கடன் முழுவதையும் நான் ஒருத்தியே என் பேருக்கு மாற்றிக்கொண்டு உங்களை விடுவிக்க வேண்டும். அந்த ஏழாம் மாடியை விற்கிறவர் ரெண்டு மாதம்தான் பொறுப்பாராம், அதற்குமேல் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம். விஷயம் புரிந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கீழே, எனக்குப் பங்கு எதுவும் வேண்டாம், பேரை மட்டும் எடுத்துவிடு என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்து வந்த கோபத்தில் அன்றைக்கு ஒரு டாக்டர் வீட்டு ஹால் திரையைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன். பூவெல்லாம் தலைகீழாகத் தொங்கியது, முழுக்கப் பிரித்தேன். பேர் என்ன, சட்டையில் ஒட்டின நூலா, கிள்ளிப் போட? லிஃப்ட் குழிக்குள் இறங்கி, முழங்கை வரை கிரீஸ் அப்பிக்கொண்டு, மற்றவர்கள் ஏறி இறங்குவதற்காக நீங்கள் பட்ட பாட்டில் பாதி இந்தச் சுவரில் இருக்கிறது. அதைத் தூக்கி என்னிடம் தானமாகக் கொடுக்க நான் உங்களிடம் கேட்டேனா? கேட்கவில்லை. அதனால் உங்கள் பங்கு உங்களுக்கு வரும், அதில் பேச்சே கிடையாது.

ஆனால் வீட்டை விற்க எனக்கு மனசு இல்லை. இதை முதலிலேயே பட்டென்று சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். முன் அறையின் கிழக்கு ஜன்னல் வெளிச்சத்தில்தான் எனக்குத் துணியின் இழை நேராகத் தெரியும். வாடிக்கைக்காரர்கள் கதவைத் தட்டுவதே இல்லை, தள்ளிக்கொண்டு வந்து நேராகத் துணியை மேஜையில் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார்கள். இந்த வயசில் வேறு ஒரு வாசலை அவர்களுக்குப் பழக்க என்னால் ஆகாது. மழை வந்தால் வாசல் கதவு இப்போதும் இறுகிக்கொள்கிறது. நீங்கள் காட்டித் தந்த மாதிரி லேசாகத் தூக்கித் தள்ளினால் திறந்துவிடுகிறது.

அன்றைக்குக் கோர்ட்டில் ஜட்ஜ் அம்மா குழந்தைகள் உண்டா என்று கேட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா. நீங்கள் இல்லை என்றீர்கள். அப்புறம் ஏதோ விட்டுப்போன மாதிரி, கடன் ஒன்று இருக்கிறது என்றீர்கள். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அந்த இடத்தில் சிரிக்கக் கூடாது என்று முந்தானையைக் கடித்துக்கொண்டேன். அந்தக் கடனுக்கு இப்போது பதினொரு வயசு முடிந்துவிட்டது. இன்னும் ஒன்பது வருஷம் இருக்கிறது. இதுவரை ஆளுக்குப் பாதியாக வளர்த்தோம், இனிமேல் அது என்னோடு இருக்கட்டும்.

இப்படி முடிவு செய்துகொண்டு பேங்குக்குப் போனேன். தனியாகப் போகப் பயமாக இருந்தது, அதனால் உங்கள் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆமாம், அண்ணி இங்கே வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அச்சகத்தில் லீவு விட்டால் நேராக இங்கேதான். வந்ததும் என் பில் புத்தகத்தை எடுத்து, அதில் உள்ள எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவார்கள். காலமெல்லாம் பிழை திருத்திப் பழகின கை, சும்மா இருக்காது. நீங்கள் போன புதிதில், தம்பிதான் போனான், நான் எங்கே போனேன் என்று கேட்டுவிட்டு அவர்கள் பாட்டுக்கு அடுப்பைப் பற்ற வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எங்களுக்குள் வரவில்லை.

பேங்கில் கடன் பிரிவில் ஒரு சின்னப் பெண் அதிகாரி. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தது. பைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதுக்கு உங்க வீட்டுக்காரர் கையெழுத்து வேணுமே, அவர் வரலையா என்று கேட்டது. நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எனக்கு வீட்டுக்காரர் இல்லைம்மா, அவர் போய் மூணு வருஷம் ஆச்சு என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னது நீங்கள் அந்த ஊருக்கு வேலைக்குப் போனதை. அந்தப் பெண் முகம் வாடிப்போய்விட்டது. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தது. உடம்பு சரியில்லாம இருந்தாரா என்று தாழ்ந்த குரலில் கேட்டது. முட்டிவலி உண்டு என்றேன். அது என்னை ஒரு மாதிரி பார்த்தது. அப்புறம் மெதுவாக, கவலைப்படாதீங்க, கடனுக்குக் காப்பீடு இருக்கு, அவரோட பாதி அப்படியே தள்ளுபடி ஆயிடும், இறப்புச் சான்றிதழ் மட்டும் கொண்டு வாங்க என்றது.

நான் பேய்முழி முழித்தேன். அண்ணிக்குத்தான் முதலில் உறைத்தது. அம்மா தாயே, என் தம்பியை இப்படி உட்கார்ந்த இடத்திலேயே கொன்னுடாதே, அவன் குத்துக்கல்லாட்டம் இருக்கான், விவாகரத்துதான் ஆயிருக்கு என்றார்கள். அந்தப் பெண்ணுக்கு அசடு வழிந்தது. அப்ப அவர் எங்கே என்று கேட்டது. மேலே இருக்கார் என்று சொல்ல வந்து, நல்லவேளை, ஏழாவது மாடியில் இருக்கப் போகிறார் என்று விவரமாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அது ஒரு பேச்சு சொன்னது. புருஷன் இல்லேன்னாலும் பத்திரத்துல பாதி அவர் பேர்ல இருக்குல்ல மேடம், அப்ப அவர் வீட்டுக்காரர்தானே என்றது. அண்ணி மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அழுகை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கோர்ட்டு எடுத்துக்கொண்ட பேரை பேங்க் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. அந்தப் பேரைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

அடுத்த நாள் பேங்கில் இருந்து வீட்டுக்கு மதிப்புப் போட ஒருவர் வந்தார். அளவெடுக்கும் நாடாவை விட்டார், சுவரை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். வைத்தியர் நெஞ்சைத் தட்டுவது மாதிரி இருந்தது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படி ஏறி மொட்டை மாடிக்குப் போனார். அங்கே தூண் கம்பிகள் அப்படியே நிற்கின்றன. துருப்பிடிக்காமல் இருக்க, யாருக்கும் குத்தாமல் இருக்க, நீங்கள் அவற்றின் தலையில் கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் பாட்டில்களும் இருக்கின்றன, வெயிலில் வெளுத்துவிட்டன. காற்று அடித்தால் கம்பியில் மோதி மெல்லச் சத்தம் போடும். மாடி எப்போ எழுப்பப் போறீங்க என்று கேட்டார். நான் சாய்ந்திருந்த ஒரு பாட்டிலை நிமிர்த்தி வைத்தேன். அவரே தாளில், மேல்தளம் இல்லை, கம்பி மட்டும் என்று எழுதிக்கொண்டு இறங்கிவிட்டார். நான் கொஞ்ச நேரம் அங்கேயே பாட்டில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மாடியில் வரவேண்டியிருந்த அந்த அறை எதற்கென்று நாம் ரெண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதே இல்லை. ஜன்னல் தெற்கே வரவேண்டும் என்று மட்டும் பேசுவோம். ஆஸ்பத்திரியில் இருந்து இரண்டாவது தடவையும் வெறுங்கையோடு திரும்பின பிறகு அந்தப் பேச்சும் நின்றது. நீங்கள் போய் அந்தக் கம்பிகளுக்கு நடுவில் பாயை விரித்துப் படுக்க ஆரம்பித்தீர்கள். நமக்குச் சண்டை போடத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் ரெண்டு தட்டையாவது உடைத்திருப்போம், அக்கம்பக்கத்தார் வந்து விலக்கியிருப்பார்கள்.

இப்போது எனக்கு மத்தியானங்களில் ஒரு கனவு வருகிறது. சாப்பிட்டதும் மெஷினுக்குப் பக்கத்தில் துணி மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடினால் போதும். ஹாலில் கடிகாரம் மாட்டியிருக்கும் சுவர் இரண்டாகப் பிளந்து திறக்கும், உள்ளே லிஃப்ட். தரை வீட்டுக்கு எதற்கு லிஃப்ட் என்று கனவிலும் எனக்குத் தோன்றும், ஆனால் கேட்கமாட்டேன். உள்ளே நீங்கள் காதில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு நிற்பீர்கள். யாரோ வேற்று ஆளிடம் கேட்பது போல எத்தனாவது மாடி என்று கேட்பீர்கள். நம்ம மாடிதான் என்பேன். லிஃப்ட் கிளம்பும். மொட்டை மாடி வரும், பாட்டில்கள் எல்லாம் பக்கத்தில் தெரியும், நிற்கும் என்று பார்த்தால் நிற்காது. மெதுவாக, சத்தமே இல்லாமல், மேலே மேலே போய்க்கொண்டிருக்கும். எனக்குப் பயம் இருக்காது. நீங்கள் என்றைக்காவது லிஃப்டை விழ விட்டிருக்கிறீர்களா?

கதவு திறந்தால் அந்த அறை. சுண்ணாம்பு வாசனை. தெற்கே ஒரு ஜன்னல், அதில் வெறும் வானம். நான் நாடாவை எடுத்து ஜன்னலை அளப்பேன். நான் அளவைச் சொல்லச் சொல்ல நீங்கள் உள்ளங்கையில் எழுதிக்கொள்வீர்கள். நாம் ரெண்டு பேரும் கனவில் நன்றாகத்தான் பேசிக்கொள்கிறோம், அவசரமே இல்லாமல். எந்தத் துணி நல்லது, வெயில் எந்தப் பக்கம் விழும், இதுதான் பேச்சு. அப்புறம் யாராவது வாடிக்கைக்காரர் கதவைத் தள்ளுவார், நான் எழுந்துவிடுவேன். அந்த அளவு மட்டும் மனசில் அப்படியே நிற்கும்.

மதிப்புப் போட வந்தவர் போன மத்தியானமும் அந்தக் கனவு வந்தது. தூக்கம் முழுசாகக் கலையாமலே எழுந்து, கட்டிலுக்கு அடியில் இருந்து பெட்டியை இழுத்தேன். அதில் ஒரு மஞ்சள் துணி இருக்கிறது. வீடு வாங்கின வருஷம் நான் வாங்கி வைத்தது, சின்னச் சின்ன நீல மீன்கள் போட்டது. உங்களிடம் அப்போது காட்டவில்லை. காட்டினால் கண்ணு பட்டுவிடும் என்று ஒரு எண்ணம், இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அதை மேஜையில் விரித்து, அந்த மனசில் நின்ற அளவுக்கு வெட்டி, உள்துணி வைத்து, வளையம் வரை தைத்து முடித்துவிட்டேன். தைத்து முடித்துத் தண்ணீர் குடித்த பிறகுதான் எனக்குச் சுயநினைவே வந்தது. இது எந்த ஜன்னலுக்கு?

கிழக்கு ஜன்னலில் வைத்துப் பார்த்தேன், அகலம் போதவில்லை. சமையலறைக்கு நீளம் கூடுதல். படுக்கை அறைக்கு ரெண்டும் சரியில்லை. இவ்வளவு காலம் திரை தைக்கிறேன், ஊரில் உள்ள ஜன்னலெல்லாம் எனக்கு மனப்பாடம், ஒரு விரல் கூட அளவு தவறினதில்லை. நான் போய் இல்லாத ஜன்னலுக்குத் திரை தைத்திருக்கிறேன். அண்ணி வந்து பார்த்தார்கள். மீன்களை மட்டும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார்கள்.

மறுபடியும் பேங்க். அந்தப் பெண் வருத்தத்தோடுதான் சொன்னது. வீடு சரியாக இருக்கு, உங்க வருமானம்தான் ஒரு மாசம் இருக்கிற மாதிரி ஒரு மாசம் இல்லை, கூட நிரந்தரச் சம்பளக்காரர் யாராவது சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் கடனை உங்க பேருக்கு மாத்த முடியும் என்றது. யாரும் இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அண்ணி பையில் இருந்து சம்பளத் தாள்களை எடுத்து மேஜையில் போட்டார்கள். வீட்டிலேயே எடுத்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், என்னிடம் மூச்சு விடவில்லை. எதுக்கு அண்ணி என்றால், என் தம்பி பேர் இருந்த இடம்தானே, வெளி ஆள் பேர் வந்தா எனக்குப் பொறுக்காது என்றார்கள்.

அந்தப் பெண் விண்ணப்பத்தில் உறவுமுறை என்ற இடத்தில், கொஞ்சம் யோசித்து, முன்னாள் நாத்தனார் என்று எழுதியது. அண்ணிக்குக் கை துறுதுறுத்ததைப் பார்த்தேன், தடுப்பதற்குள் சிவப்புப் பேனாவை எடுத்து 'முன்னாள்' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் ஒரு சுழி போட்டுவிட்டார்கள். அச்சகத்தில் நீக்கு என்பதற்கு அந்தச் சுழிதான் அடையாளமாம். ஐயோ மேடம், அடித்தல் திருத்தல் இருந்தா செல்லாது, முதல்ல இருந்து எழுதணும் என்று அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டது. எழுதும்மா, இப்ப பிழை இல்லாம எழுது, நாத்தனாருக்கு முன்னாள் பின்னாள் எல்லாம் கிடையாது என்றார்கள் உங்கள் அக்கா. மறுபடி முழுவதும் எழுதினோம். போன திங்கள்கிழமை பேங்க் சம்மதித்துவிட்டது.

ஆக, வீடு என்னிடம் நிற்கும். கடன் என் பேரிலும் அண்ணி பேரிலும் வரும். உங்கள் பங்கையும் அதே கடனில் சேர்த்து வாங்கி உங்களுக்கு அனுப்புகிறேன். மறுபேச்சு பேசாமல் வாங்கிக்கொண்டு ஏழாம் மாடிக்கு முன்பணமாகக் கட்டுங்கள். நாம் கட்டாமல் விட்ட மாடி அங்கே எழும்பிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறேன், எனக்கும் மனசு ஆறும்.

இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி, உங்கள் கையெழுத்து. உங்கள் பாதியை என் பேருக்கு எழுதித் தரும் அந்தத் தாளுக்கு விடுதலைப் பத்திரம் என்று பேராம். ஏதோ ஜெயிலில் இருந்து வெளியே விடுவது மாதிரி இருக்கிறதே என்று நான் கேட்டதற்கு, அது சும்மா ஒரு பேர்தான் மேடம் என்றது அந்தப் பெண். பதிவு ஆபீஸுக்கு நீங்கள் நேரில்தான் வரவேண்டும். வரும் மாதத்தில் உங்களுக்குத் தோதான ஒரு நாளைச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு நீங்கள் எந்த வகையிலும் வீட்டுக்காரர் இல்லை, இந்தப் பேரை வைத்து நான் எழுதும் கடைசிக் கடிதம் இதுதான். அதனால்தான் கொஞ்சம் நீட்டிவிட்டேன்.

முட்டிக்குச் சூடு ஒத்தடம் கொடுங்கள். லிஃப்ட் குழிக்குள் இறங்கும்முன் மெயினை அணைத்தோமா என்று ரெண்டு தரம் பாருங்கள், உங்களுக்கு ஞாபக மறதி உண்டு. புது வீட்டில் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, ரொம்ப காலம் இருங்கள். நீங்கள் ஏறும் மாடியெல்லாம் உங்களைப் பத்திரமாகக் கீழே இறக்கிவிடட்டும்.

இதோடு ஒரு பார்சல் வரும். அந்த மீன் திரைதான். உங்கள் கடிதத்தின் ஓரத்தில், பார்த்திருக்கும் வீட்டில் ஒரே ஜன்னல், தெற்கே, திரை இல்லாததால் பகல் முழுக்க வெயில் என்று எழுதியிருந்தீர்கள். அளவு எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஏழாவது மாடியில் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள், தலை நரைத்த மெக்கானிக் மீன் போட்ட திரைக்குப் பின்னால் தூங்கினால் தூங்கட்டும். கீழ் மடிப்பில் நாலு விரல் துணி விட்டிருக்கிறேன், நீளம் குறைந்தால் பிரித்து இறக்கலாம். கூடுதலாக இருந்தால் நீங்களாகக் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள், உங்களுக்கு நேராக வெட்ட வராது. பொருந்திவிட்டால் எனக்கு எழுதவே வேண்டாம், மாட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குங்கள். பொருந்தாவிட்டால் கையெழுத்துப் போட வரும்போது எடுத்து வாருங்கள். மெஷினில் இருந்து மஞ்சள் நூலை நான் இன்னும் எடுக்கவில்லை.

இப்படிக்கு,
வீட்டுக்காரி